எலும்பிலிருந்து பி.எம்.பி. பிரிக்கும்போது: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

ஆட்டு எலும்பிலிருந்தோ மாட்டு எலும்பிலிருந்தோ பி.எம்.பி. எனப்படும் எலும்பு வளர்ச்சிப் புரதங்களைப் பிரிக்கும் வேலையில் பெரிய தொல்லை, தவறு நடக்கும் இடமும் அது கண்ணில் படும் இடமும் வேறு வேறாக இருப்பதுதான். அரைக்கும்போது எலும்பு சூடேறியிருக்கும். அது தெரியவருவதோ வாரங்கள் கழித்து, எலியின் தோலுக்கடியில் வைத்த சாம்பிள் எலும்பாக மாறாதபோது. இடையில் எல்லோரும் குறை சொல்வது விலை அதிகமான ஹெப்பாரின் குழாயை (ஹெப்பாரின் ஏற்றிய மணிகள் நிரப்பி, புரதத்தைப் பிடித்துப் பிரிக்கும் குழாய்). என் கணிப்பில், குழாயின் மேல் போடப்படும் பழிகளில் பெரும்பாலானவை எலும்பு ஊறிய வாளியிலேயே தொடங்கியவை.

அதனால் கோளாறுகளுக்குள் போகும் முன் ஒரே ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு கட்டத்திலும் சிறு பங்கை எடுத்து, தேதி எழுதி, மைனஸ் 80 ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். அரைத்த பொடி, தாது நீக்கிய பொடி, முதல் சாறு, டயாலிசிஸுக்குப் (சவ்வுப் பைக்குள் வைத்துக் கரைசலை மாற்றுவது) பின், குழாயில் ஒட்டாமல் வெளியேறியது, ஒட்டி இறங்கியது என எல்லாவற்றிலும். கீழே வரும் ஆலோசனைகளில் பாதி இந்தப் பங்குகள் கையில் இருந்தால்தான் பலிக்கும்.

வழக்கமான பாதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். கால் எலும்பின் நடுத்தண்டை மட்டும் எடுத்து, மஜ்ஜையும் மேல்சவ்வும் நீக்கி, திரவ நைட்ரஜனில் குளிர்வித்து அரைத்து, 74 முதல் 420 மைக்ரான் வரை சலித்து எடுக்க வேண்டும். தண்ணீரில் கழுவி, குளோரோஃபார்ம்-மெத்தனாலில் கொழுப்பை நீக்கி, 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தாதுவைக் கரைத்தெடுக்க வேண்டும். மிஞ்சும் பொடியை 4 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில், 50 மில்லிமோலார் டிரிஸ் (பி.எச்.-ஐ நிலைநிறுத்தும் பஃபர்), பி.எச். 7.4-இல், புரதச் சிதைவைத் தடுக்கும் மருந்துகளோடு 4 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கினால் சாறு கிடைக்கும். சாற்றைச் செறிவாக்கி 6 மோலார் யூரியாவுக்கு மாற்றி, ஹெப்பாரின், ஹைட்ராக்ஸிஅபடைட், அப்புறம் அளவுவாரியாகப் பிரிக்கும் குழாய் என்று போகலாம். தேடுவது 30 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் இருக்கும் இரட்டைப் புரதம்.

இதில் மகசூலைப் பற்றி மனக்கோட்டை கட்ட வேண்டாம். 1988-இல் இந்தப் புரதங்களின் மரபணுக்களைக் கண்டுபிடித்த குழுவினர் மாட்டு எலும்பிலிருந்து மூன்று லட்சம் மடங்குக்கு மேல் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. கிலோ கணக்கில் எலும்பு போட்டால் மைக்ரோகிராம் கணக்கில் புரதம், அவ்வளவுதான். மில்லிகிராம் கணக்கில் "தூய பி.எம்.பி." கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், அது வேறு ஏதோ.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆரம்பத்திலிருந்தே வீரியம் (எலும்பை உண்டாக்கும் திறன்) இல்லை

முதலில் எலும்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சென்னையில் இது சாதாரணக் கேள்வி இல்லை. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டுக்கோ, காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாட்டுக்கோதான் அறுப்புச் சான்றிதழ். ஆக, பெரம்பூர் இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் மாட்டெலும்பு பெரும்பாலும் கிழட்டு எலும்பு. வயது ஏற ஏற எலும்பில் இந்தப் புரதத்தின் வீரியம் குறையும். வெளிநாட்டுக் கட்டுரையில் உள்ள மகசூலை இளங்கன்றின் எலும்பில் எடுத்திருப்பார்கள். அதே எண்ணை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆடு இந்த விஷயத்தில் மேல். கடைக்கு வருவது இளம் ஆடு. எலும்பு சிறியது, மஜ்ஜை அதிகம், சுத்தம் செய்ய நேரம் பிடிக்கும். ஆனால் வீரியம் இருக்கும். கறிக்கடையில் சொல்லும்போது தெளிவாகச் சொல்லுங்கள்: தொடை நல்லி வேண்டும், முழுசாக வேண்டும், சூப்புக்கு வெட்டுவதுபோல் வெட்ட வேண்டாம். மயிர் போக நெருப்பில் வாட்டிய கால் வேண்டவே வேண்டாம். வாட்டிய கால் பாயாவுக்கு அருமை, நமக்கு உதவாது. மேலே கருகியிருந்தால் உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே காரணத்தால் உரக்கடையில் விற்கும் எலும்புத் தூளும் வீண், அது நீராவியில் வெந்தது.

அதிகாலையில் அறுத்த எலும்பை வெயில் ஏறும் முன் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் ஸ்கூட்டரின் முன்னால் பிளாஸ்டிக் பையில் தொங்கி வந்த எலும்பு, ஆய்வகத்துக்குள் நுழையும்போதே பாதி செத்துவிட்டது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் பச்சை எலும்பைத் தொடாதீர்கள். அறுக்கும்போது பறக்கும் தூளில் கால்நடை நோய்க் கிருமிகள் இருக்கலாம்.

இரண்டாவது சந்தேகம் அரைப்பது. திரவ நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று மிக்ஸியில் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. ஜார் கையில் சுட்டால் எலும்பும் சுட்டிருக்கிறது என்றுதான் பொருள். வேறு வழியே இல்லையென்றால் எலும்புத் துண்டுகளோடு உலர்பனியைச் சேர்த்து, சில நொடிகள் மட்டும் ஓட்டி, நிறுத்தி, மறுபடி குளிர்வித்து ஓட்டுங்கள்.

அமிலத்தில் ஊறிய பொடி இன்னும் நறநறக்கிறது

இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். தாது போன பொடி ரப்பர்போல் மெத்தென்று இருக்கும். மணல்போல் உறுத்தினால் தாது மிச்சம். தாது மிச்சம் இருந்தால் குவானிடின் உள்ளே போகாது, புரதம் வெளியே வராது.

பெரும்பாலும் காரணம் அமிலம் போதாததுதான். ஒரு கிராம் எலும்புப் பொடிக்கு 25 மில்லிஈக்விவலன்ட் அமிலம் வேண்டும், அதாவது 0.5 மோலார் அமிலத்தில் 50 மில்லி. நூறு கிராம் பொடிக்கு ஐந்து லிட்டர். பாத்திரம் சிறியதாக இருக்கிறது என்று இரண்டு லிட்டரில் முடித்தால் அமிலம் பாதியில் தீர்ந்துவிடும். பி.எச். தாள் வைத்துப் பாருங்கள். 2-க்கு மேல் ஏறியிருந்தால் பழையதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

முடிந்ததா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. வடித்த அமிலத்தில் சில சொட்டு எடுத்து, அம்மோனியாவால் அமிலத்தன்மையை ஏறக்குறைய முறித்து, அம்மோனியம் ஆக்ஸலேட் கரைசலை விடுங்கள். பால்போல் கலங்கினால் கால்சியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தெளிவாகவே இருந்தால் போதும்.

முதல் அரைமணியில் நுரை பொங்குவது கோளாறு இல்லை. எலும்பில் உள்ள கார்பனேட் வாயுவாகிறது. வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், அவ்வளவே. அமிலத்தையும் பார்த்து வாங்குங்கள். பாரிமுனைப் பக்கம் கேனில் கிடைக்கும் மஞ்சள் நிற வணிக அமிலத்தில் இரும்பு கலந்திருக்கும். பின்னால் பொடி பழுப்பேறி, சாறும் நிறம் மாறினால் அதுதான் காரணம்.

சாறு கொழகொழவென்று இருக்கிறது, குளிர்ந்தால் ஜெல்லியாகிறது

இது ஜெலட்டின். கொலாஜன் உருகிவிட்டது. ஜெல்லில் (மின்சாரத்தால் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் சோதனை) ஓட்டினால் 100 கிலோடால்டனுக்கு மேல் தடித்த பட்டைகளும் கறைபோல் நீளும் தடமும் தெரியும்.

கொலாஜன் மும்மடிச் சுருள் என்று 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னது இதே கிண்டி வளாகத்துப் பல்கலைக்கழகத் துறையிலிருந்துதான். அந்தச் சுருளைக் கட்டிக்காப்பது குளிர்ச்சி. அதிலும் அமிலத்தில் ஊறி உப்பிய கொலாஜன் சூட்டைத் தாங்காது. பழைய முறைகளில் "அறை வெப்பநிலையில் மூன்று மணி நேரம்" என்று இருக்கும். அது அந்த முறைகள் எழுதப்பட்ட அமெரிக்காவின் மேரிலாந்தின் அறை. கத்திரி வெயிலில் ஏசி நிறுத்திய சென்னை ஆய்வகத்தின் அறை இல்லை. இங்கே 4 டிகிரி குளிர் அறையில், ஓரிரு நாள் எடுத்துக்கொண்டு, அமிலத்தை மாற்றி மாற்றிச் செய்வதே உத்தமம். நேரம் கூடும், ஆனால் கொலாஜன் உருகாது.

ஏற்கெனவே ஜெலட்டின் ஆகிவிட்ட சாற்றைக் காப்பாற்ற முடியுமா? ஓரளவு. அளவுவாரிக் குழாயில் பெரிய மூலக்கூறுகள் முதலில் போய்விடும். ஆனால் அந்தக் கொழகொழப்பு செறிவாக்கும் சவ்வை அடைத்து உயிரை வாங்கும். நானாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி, கழுவி முடித்த பொடி. அமிலம் போக நடுநிலைக்கு வரும்வரை கழுவியாயிற்று, மணி ஆறு, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஈரப்பொடியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். எலும்பு மேட்ரிக்ஸுக்குள்ளேயே (தாது போக மிஞ்சும் கொலாஜன் கட்டமைப்பு) புரதத்தை அரிக்கும் நொதிகள் உண்டு. நடுநிலை பி.எச்., கொஞ்சம் சூடு, ஈரம் மூன்றும் சேர்ந்தால் அவை வேலையைத் தொடங்கிவிடும். தன் புரதத்தைத் தானே தின்றுவிடும் இந்தப் பழக்கத்தை, 1965-இல் தாது நீக்கிய எலும்பு தசைக்குள் புது எலும்பை உண்டாக்குவதைக் காட்டிய மார்ஷல் யூரிஸ்டே பின்னர் கண்டு எழுதியிருக்கிறார். கழுவிய பொடியை உடனே உறையவைத்து உலர்த்துங்கள். இல்லையென்றால் அன்றே குவானிடினில் போட்டுவிடுங்கள்.

ஜெல்லில் சின்னச் சின்னத் துண்டுகள் மட்டும், 30 பக்கம் காலி

நொதி தின்ற அடையாளம். தடுப்பு மருந்துகளைச் சரிபாருங்கள்: பென்சமிடின் 5 மில்லிமோலார், 6-அமினோஹெக்சனாயிக் அமிலம் 0.1 மோலார், என்-எத்தில்மாலிமைடு 5 மில்லிமோலார், பி.எம்.எஸ்.எஃப். 0.5 மில்லிமோலார். நான்கில் தகராறு செய்வது கடைசி ஆள். தண்ணீரில் பி.எம்.எஸ்.எஃப். நிற்காது. பி.எச். 7.5, 25 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். காலையில் பஃபரில் கலந்து வைத்து மாலையில் ஊற்றினால் வெறும் பஃபரை ஊற்றியதற்குச் சமம். ஐசோபுரோபனாலில் கரைத்து வைத்து, பொடியோடு சேர்க்கும் அந்த நிமிடத்தில் விடுங்கள். நஞ்சு அது, கையில் படக் கூடாது.

பி.எச்.-இலும் ஒரு சென்னைப் பிரச்சினை இருக்கிறது. டிரிஸ் பஃபரின் பி.எச். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.028 மாறும். 34 டிகிரி மேசையில் 7.4 என்று வைத்த பஃபர், 4 டிகிரி குளிர் அறைக்குள் போனதும் 8.2-ஐத் தாண்டியிருக்கும். கட்டுரையில் 7.4, உங்கள் பாத்திரத்தில் 8.2. பஃபரைக் குளிரவைத்து, மீட்டரையும் அதே குளிரில் சரிசெய்து, அப்புறம் பி.எச். வையுங்கள்.

சாற்றின் மேல் எண்ணெய்ப் படலம்

கொழுப்பு சரியாகப் போகவில்லை. மஜ்ஜையைச் சுரண்டியதில் அவசரம் காட்டியிருப்பீர்கள். குளோரோஃபார்ம்-மெத்தனாலை சம அளவு கலந்து, புகைக்கூண்டுக்குள் வைத்து, இரண்டாவது முறையும் அலசுங்கள். அடுத்த முறைக்கு இது. இந்த முறைக்கு, குளிர் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் கொழுப்பு மேலே கட்டியாக நிற்கும், அதன் அடியிலிருந்து சாற்றை உறிஞ்சி எடுங்கள். தனி எத்தனாலும் ஈத்தரும் பயன்படுத்தும் முறை நல்லதுதான், ஆனால் எத்தனாலுக்கு அனுமதிச் சீட்டு வாங்கும் அலைச்சல் தெரிந்தவர்கள் அதன் பக்கம் போவதில்லை.

டயாலிசிஸ் பைக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கிறது

கொட்டிவிடாதீர்கள்! இது கோளாறே இல்லை. குவானிடினை நீக்கித் தண்ணீருக்கு மாற்றினால் பி.எம்.பி. கரைந்து நிற்காது, படிந்துவிடும். யூரிஸ்டின் குழு இதையே சுத்திகரிப்புப் படியாகப் பயன்படுத்தியது: தண்ணீரில் கரையாத படிவுக்குள்தான் வீரியம், மேலே தெளிந்த நீரில் இல்லை. தெளிந்ததை வைத்துக்கொண்டு படிவை வீசிய திட்டங்கள் எத்தனையோ.

படிவைச் சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, 6 மோலார் யூரியாவிலோ புதிய 4 மோலார் குவானிடினிலோ கரையுங்கள். கரைய மறுத்தால் ஒரு இரவு குளிரில் மெல்லக் கலக்கட்டும். படிவே வரக் கூடாது என்றால், தண்ணீருக்குப் போகாமல் குவானிடினிலிருந்து நேராக யூரியா பஃபருக்கு மாற்றுங்கள்.

ஜெல் பஃபர் ஊற்றியதும் சாம்பிள் திரிந்த பால்போல் ஆகிறது

குவானிடின் மிச்சம். அதுவும் ஜெல் பஃபரில் உள்ள எஸ்.டி.எஸ். என்ற சோப்பும் சேர்ந்தால் கரையாத உப்பாகிவிடும். அதை ஜெல்லின் கிணற்றில் (சாம்பிள் விடும் குழியில்) ஏற்றினால் பட்டைகள் நெளிந்து, தடமே குழம்பிவிடும். சாம்பிளில் ஒன்பது பங்கு குளிர்ந்த எத்தனால் விட்டு மைனஸ் 20-இல் வைத்து, புரதத்தைப் படியவைத்து, ஒருமுறை எத்தனாலில் அலசி, அப்புறம் ஜெல் பஃபரில் கரையுங்கள். யூரியாவில் உள்ள சாம்பிளை அப்படியே ஏற்றலாம், ஆனால் 95 டிகிரியில் கொதிக்கவிடாமல்.

குவானிடின் கழிவைப் பிளீச்சோடு சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும். எலும்புக் கழிவைக் கிருமிநீக்க பிளீச் ஊற்றும் வாளியும் குவானிடின் வாளியும் வேறு வேறாக, பெயர் எழுதி இருக்க வேண்டும்.

280 நானோமீட்டரில் அளவு எகிறுகிறது

பென்சமிடின் அதே இடத்தில் ஒளியை உறிஞ்சும். அது புரதம் இல்லை. பி.சி.ஏ. என்ற நிறமாற்ற முறையில் அளவிடுங்கள், குவானிடினை அது ஓரளவு தாங்கும். ஒப்பீட்டுக்கு வைக்கும் புரதத்தையும் அதே பஃபரிலேயே கரைக்க மறக்காதீர்கள்.

ஹெப்பாரினில் எதுவும் ஒட்டவில்லை, எல்லாம் வழிந்து போய்விட்டது

இங்கேதான் எல்லோரும் புது ரெசின் வாங்கக் கடிதம் எழுதுவார்கள். முதலில் மின்கடத்துத் திறன் மீட்டரை எடுங்கள். ஹெப்பாரின் பிடிப்பது மின்னூட்டத்தால், உப்பு அதிகமானால் பிடி விட்டுவிடும். 6 மோலார் யூரியா, 0.15 மோலார் உப்பில் ஏற்றி, 0.5 மோலார் உப்பில் இறக்குவதுதான் கணக்கு. குவானிடின் ஹைட்ரோகுளோரைடும் ஒரு உப்புதானே! டயாலிசிஸ் அரைகுறையாக முடிந்து அதில் பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் 0.4 மோலார் உப்பு கூடுதலாக இருக்கிறது. யூரியாவுக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் சாம்பிளின் மின்கடத்துத் திறன் குழாயில் ஓடும் பஃபரின் மின்கடத்துத் திறனோடு ஒத்துப்போக வேண்டும். கூடியிருந்தால் இன்னொரு முறை டயாலிசிஸ். வழிந்து போனதை நீங்கள் வைத்திருந்தால் அதையே மாற்றி மறுபடி ஏற்றலாம். ஆரம்பத்தில் சொன்ன ஃப்ரீசர் பங்கு இதற்கும்தான்.

பி.எச். 8-ஐத் தாண்டியிருந்தாலும் பிடி தளரும். பி.எம்.பி.-2 கார இயல்புள்ள புரதம், அதன் நேர் மின்னூட்டம் பி.எச். ஏற ஏறக் குறையும். மேலே சொன்ன டிரிஸ் விவகாரம் இங்கும் வந்து நிற்கும்.

எதிர்ப்பக்கக் கோளாறும் வரும்: ஒட்டியது, இறங்கவில்லை, குழாயின் அழுத்தம் ஏறுகிறது. யூரியாவை நடுவில் நிறுத்திவிட்டீர்களா என்று பாருங்கள். வெறும் நடுநிலை பஃபரில் இந்தப் புரதங்கள் மணிகளுக்கிடையிலேயே படிந்துவிடும். தொடக்கம் முதல் கடைசி வரை யூரியா இருக்க வேண்டும்.

ஹைட்ராக்ஸிஅபடைட் குழாய் நொறுங்கிச் சேறாகிறது

சாறு எடுக்கும் பஃபரில் இ.டி.டி.ஏ. போட்டிருந்தால் அது கால்சியத்தைப் பிடுங்கும். குழாயில் நிரப்பியிருப்பதே கால்சியம் பாஸ்பேட். மணிகள் கரையாமல் என்ன செய்யும்? ஏற்றும் முன் இ.டி.டி.ஏ.-வை டயாலிசிஸில் முழுக்க நீக்குங்கள். அமிலப் பக்கமும் போகக் கூடாது.

30-இல் பட்டை இருக்கிறது, வேலை மட்டும் செய்யவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், அந்தப் பட்டை பி.எம்.பி.தானா? அதே சுற்றுவட்டத்தில் எலும்பின் வேறு புரதங்களும் இருக்கின்றன. ஆஸ்டியோனெக்டின் எலும்பில் ஏராளம், 30-க்கும் 40-க்கும் இடையில் ஓடும். டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற இன்னொரு வளர்ச்சிப் புரதமும் இரட்டைப் புரதம், 25 பக்கம். ஆகவே ஒரே சாம்பிளை இரண்டு விதமாக ஓட்டுங்கள்: மெர்காப்டோஎத்தனால் (புரதத்தின் டைசல்பைடு பிணைப்பை அறுக்கும் மருந்து) இல்லாமல் ஒன்று, சேர்த்து ஒன்று. உண்மையான பி.எம்.பி. சேர்த்த தடத்தில் பிளந்து 16, 18 பக்கம் இறங்கும். பிளக்காமல் 30-இலேயே நிற்பது வேறு ஆள். இரண்டு தடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். மெர்காப்டோஎத்தனால் ஊறிப் பக்கத்துக் கிணற்றையும் கெடுக்கும். நடுவில் இரண்டு காலிக் கிணறு விடுங்கள்.

அடுத்து, பிளந்துவிட்ட புரதத்துக்கு உயிர் கிடையாது. மெர்காப்டோஎத்தனாலோ டி.டி.டி.-யோ சுத்திகரிப்பின் எந்தப் படியிலும் இருக்கக் கூடாது. மற்ற புரத வேலைகளில் பழகிய கை தன்னையறியாமல் பஃபரில் அதைச் சேர்த்துவிடும். யூரியா, குவானிடின், எஸ்.டி.எஸ். மூன்றையும் தாங்கும் இந்த முரட்டுப் புரதம், டைசல்பைடு பிணைப்பு அறுந்தால் மட்டும் மீளாது.

மூன்றாவது யூரியா. யூரியாக் கரைசல் நின்றால் அதில் சயனேட் உருவாகும், சூட்டில் இன்னும் வேகமாக. அது புரதத்தின் அமினோ முனைகளில் ஒட்டிக்கொண்டு இயல்பை மாற்றிவிடும். போன மாதம் கரைத்துவைத்த யூரியாப் புட்டி மே மாத மேசையில் நின்றிருந்தால் அதைத் தொடாதீர்கள். அன்றன்று கரைத்து, கலப்பு அயனி ரெசினில் அலசி, வடிகட்டி, குளிரில் பயன்படுத்துங்கள். சீக்கிரம் கரைய வேண்டும் என்று அடுப்பில் வைப்பதும் கூடாது. கரையும்போது பாத்திரம் சில்லிடும், பொறுமையாகக் காத்திருங்கள்.

புரதத்தில் குறையில்லை என்றால், சோதனையில் தேடுங்கள். கரைந்த புரதத்தை அப்படியே எலியின் தோலுக்கடியில் ஊசியில் போட்டால் எலும்பு வராது, கரைந்து ஓடிவிடும். டி.கே. சம்பத்தும் ஏ. ஹரி ரெட்டியும் 1981-இல் காட்டியது இதைத்தான்: குவானிடின் சாறு தனியாக வேலை செய்யவில்லை, சாறு எடுத்த பிறகு மிஞ்சிய கொலாஜன் சக்கையும் தனியாக வேலை செய்யவில்லை, இரண்டையும் மறுபடி சேர்த்தபோது எலும்பு வந்தது. இந்தச் சக்கை எந்த விலங்குடையது என்பது முக்கியம். மாட்டுச் சக்கையை எலிக்குள் வைத்தால் எலியின் உடல் அதை அந்நியமாகப் பார்த்துத் தாக்கும், முடிவு சொதப்பும். புரதம் மாட்டுடையதாகவோ ஆட்டுடையதாகவோ இருக்கலாம். சக்கை எலியின் எலும்பிலிருந்தே வர வேண்டும்.

சக்கையின் பருமனையும் பாருங்கள். 74 மைக்ரானுக்குக் கீழே மாவாக அரைத்த மேட்ரிக்ஸ் எலும்பை உண்டாக்காது, உள்ளே புரதம் இருந்தாலும். அதே மாவிலிருந்து சாறெடுத்துப் பருமனான சக்கையில் சேர்த்தால் உண்டாக்கும். அதனால் சல்லடையில் கீழே விழுந்த மாவை வீசாதீர்கள், சாறெடுக்க அது நன்றாகவே உதவும்.

எப்போது வெளியே எடுத்தீர்கள் என்பதும் இருக்கிறது. ஒரு வாரத்தில் குருத்தெலும்பு, 10, 11 நாளில் எலும்பு, மூன்று வாரத்தில் மஜ்ஜை என்று போகும். எலும்பு உருவாவதைக் காட்டும் நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸின் அளவை 11 அல்லது 12-ஆம் நாளில் பாருங்கள். ஐந்தாம் நாளில் திறந்து "ஒன்றும் இல்லை" என்று எழுதுவது எலிக்குச் செய்யும் அநியாயம். எலிச் சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி முன்கூட்டியே வேண்டும். அது கிடைக்கும்வரை செல் சோதனையில் வடிகட்டிக்கொள்ளலாம்.

சுத்தம் கூடக் கூட வீரியம் குறைகிறது

பட்டைகள் குறைகின்றன, படம் அழகாகிறது, மொத்த வீரியம் மட்டும் ஒவ்வொரு படியிலும் கரைகிறது. புரதம் செத்திருக்க வேண்டியதில்லை, பாத்திரத்தில் ஒட்டியிருக்கலாம். துணைக்கு வேறு புரதம் இல்லாத நிலையில் மைக்ரோகிராம் அளவு பி.எம்.பி. கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டி மறைந்துவிடும். குறைவாக ஒட்டும் வகைக் குழாய்களைப் பயன்படுத்துங்கள். கடைசிப் புரதத்தை 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 0.1 சதவீதம் ஆல்புமின் சேர்த்து வையுங்கள். நடுநிலை உப்புக் கரைசலில் கரைத்து வைத்தால் படியும். காலியான குழாயைத் தூக்கிப்போடும் முன் அதைக் கொஞ்சம் குவானிடினால் அலசி அந்த அலசலைச் சோதித்துப் பாருங்கள், காணாமல் போனது அதில் அகப்படும்.

மறுபக்கம், முதல் சாற்றில் வீரியம் குறைவாகவும் ஹெப்பாரினுக்குப் பின் திடீரென்று கூடுதலாகவும் தெரிந்தால் அதிசயப்பட வேண்டாம். சாற்றில் இருந்த டி.ஜி.எஃப்.-பீட்டா போன்றவை செல் சோதனையை அடக்கிவைத்திருக்கும்.

செல் தட்டில் எல்லாக் கிணறும் மஞ்சளாகிறது

சி2சி12 எனப்படும் சுண்டெலித் தசைச் செல்களில் மூன்று நாள் வைத்து, 405 நானோமீட்டரில் ஆல்கலைன் பாஸ்படேஸ் பார்ப்பது வழக்கம், நொதி இருந்தால் கிணறு மஞ்சளாகும். புரதமே விடாத கிணறும் மஞ்சளானால், சீரத்தில் உள்ள நொதி கழுவப்படாமல் தங்கியிருக்கிறது. உப்புக் கரைசலில் இரண்டு மூன்று முறை கழுவிவிட்டுச் செல்லை உடையுங்கள். எல்லாக் கிணறும் வெளுத்தால், யூரியா செல்களைக் கொன்றிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு கிணற்றில் சாம்பிளோடு நாக்கின் என்ற தடுப்புப் புரதத்தையும் சேர்த்து வையுங்கள். நாக்கின் விட்ட கிணற்றில் நிறம் குறையவில்லை என்றால், நீங்கள் பார்ப்பது பி.எம்.பி.-2-உம் அல்ல, பி.எம்.பி.-4-உம் அல்ல. நேர்ச் சோதனைக்கு (வேலை செய்யும் என்று தெரிந்த ஒப்பீட்டுக்கு) ரீகாம்பினன்ட் பி.எம்.பி.-2 மில்லிக்கு 300 நானோகிராம் விடுங்கள். அதுவே மஞ்சளாகவில்லை என்றால் செல்கள் கிழடாகிவிட்டன, சாம்பிளைக் குறை சொல்ல வேண்டாம்.

வெறும் சக்கை வைத்த எலியிலும் எலும்பு வருகிறது

சந்தோஷமான கோளாறு மாதிரி தோன்றும், ஆனால் மொத்தச் சோதனையையும் இது செல்லாததாக்கிவிடும். சக்கையிலிருந்து புரதம் முழுக்க வெளியேறவில்லை என்று பொருள். ஒரு கிராம் பொடிக்கு 30 மில்லி குவானிடின் வீதம் விட்டு, இரவு முழுக்கக் கலக்கி, வடித்துவிட்டுப் புதிய குவானிடினில் மறுபடி ஒருமுறை செய்யுங்கள். பொடி அடியில் தங்காமல் மெல்லச் சுழல வேண்டும். காந்தக் கலக்கி பொடியை மறுபடி மாவாக அரைத்துவிடும், மேலிருந்து சுழலும் துடுப்போ உருளும் புட்டியோ நல்லது. பிறகு தண்ணீரில் பலமுறை கழுவி, உலர்த்தி, புது எலிகளில் சக்கையை மட்டும் வைத்துப் பாருங்கள். 12-ஆம் நாளில் பாஸ்படேஸ் ஏறாமலும் கால்சியம் சேராமலும் இருந்தால்தான் அந்தத் தொகுதிச் சக்கையைச் சாம்பிள்களுக்குப் பயன்படுத்தலாம்.